கீத் ஜாரெட் டிரியோ பழைய பாட்டுகளையே ஏன் வாசித்தது?

கேள்வி இதுதான். பியானோ கலைஞர் கீத் ஜாரெட், பேஸ் (கீழ்ச் சுரங்கள் தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கும் கேரி பீகாக், டிரம்ஸ் வாசிக்கும் ஜாக் டிஜானெட் மூவரும் 1983 முதல் 2014 வரை ஒரே டிரியோவாக, அதாவது மூவர் குழுவாக, இருந்தார்கள். மூவருக்குமே சொந்தமாக இசையமைக்கத் தெரியும். அப்படியிருந்தும் பெரும்பாலும் பழைய அமெரிக்க நாடக, சினிமாப் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். இதில் படைப்பு என்று சொல்ல என்ன இருக்கிறது? அடுத்தவர் பாட்டுகளை நன்றாக வாசிக்கும் ஒரு கவர் பேண்டுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொன்னால், பாட்டு மூவருக்கும் அத்தனை ஆழமாகத் தெரிந்திருந்ததால்தான் அவர்களால் எதையுமே முன்கூட்டி முடிவு செய்யாமல் மேடை ஏற முடிந்தது. புதிதாக எழுதிய இசை என்றால் ஒத்திகை பார்க்க வேண்டும், எதிரில் தாள் வேண்டும், யார் எப்போது வருவது என்று பேசிக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டில் இதெல்லாம் தேவையில்லை. அப்புறம் மிச்சமிருப்பது ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்பது மட்டும்தான். அந்தக் கேட்டல்தான் இவர்களுடைய படைப்பு என்று நான் நம்புகிறேன். இது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

ஜாஸ் உலகத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லப்படும் பாட்டுகளில் பெரும்பகுதி ஜாஸுக்காக எழுதப்பட்டவையே கிடையாது. 1920களிலிருந்து 50கள் வரை நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் ஜெரோம் கெர்ன், ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் போன்றவர்கள் எழுதியவை. நாடகம் மறந்துபோயிருக்கும், பாட்டு நிலைத்திருக்கும். 1939இல் கெர்ன் இசையமைத்த 'வெரி வார்ம் ஃபார் மே' என்ற நாடகம் 59 காட்சிகளோடு முடிந்துபோனது. அதிலிருந்த 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' இன்றைக்கும் ஜாஸ் வாசிக்கிற ஊரிலெல்லாம் ஒலிக்கிறது.

இந்தப் பாட்டுகள் அளவில் சின்னவை. நான்கு தட்டு ஒரு பார் என்றால், பெரும்பாலும் 32 பாரில் பாட்டு முடிந்துவிடும். மேலே மெட்டு, அதற்கு அடியில் வரிசையாக மாறிக்கொண்டே போகும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள். முதலில் மெட்டை ஒரு முறை முழுதாக வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு அதே கார்டு வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து, அதன் மேல் அந்த நேரத்தில் தோன்றும் புது மெட்டுகளைக் கட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கோரஸ் என்று பெயர். கடைசியில் பழைய மெட்டுக்கு வந்து முடிப்பார்கள்.

கேட்க எளிமையாகத் தெரிகிறதே என்று நினைத்தால் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' பாட்டையே எடுத்துப் பாருங்கள். வழக்கமான 32க்குப் பதில் அதில் 36 பார். அதற்குள் ஐந்து வேறுவேறு ஆதார சுருதிகளைத் தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. பாடுகிறவர் எங்கேயும் தடுமாற மாட்டார், கேட்கிறவருக்கு இடம் மாறியதே தெரியாது. ஒரு இசைக்கலைஞர் இதற்குள் வருடக்கணக்காக உழன்றாலும் தீராது. 'பழைய பாட்டு' என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிற பொருளின் உள்ளே இவ்வளவு வேலைப்பாடு இருக்கிறது.

சரி, இந்தப் பாட்டுகளைப் பியானோ, பேஸ், டிரம்ஸ் என்ற மூன்று வாத்தியங்கள் எப்படிக் கையாண்டன? ஜாரெட்டுக்கு முன்னால் இரண்டு பேரைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒருவர் பியானோ கலைஞர் அகமத் ஜமால். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் லவுஞ்சில் பேஸ் வாசித்த இஸ்ரேல் கிராஸ்பி, டிரம்ஸ் வாசித்த வெர்னல் ஃபோர்னியே இருவரோடு அவர் செய்த ஒலிப்பதிவு, இரண்டு ஆண்டுகள் வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இருந்தது. ஜமாலின் வழி, எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. எங்கே நிறுத்துவது, எங்கே பியானோ ஒதுங்கி பேஸை மட்டும் கேட்க விடுவது, எந்த இடத்தில் திடீரென்று அழுத்துவது எல்லாம் திட்டமிட்டவை. அவர் வாசிக்காமல் விட்ட சுரங்கள் வாசித்தவற்றுக்குச் சமமாகப் பேசும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். 'பாய்ன்சியானா' என்ற பாட்டில் ஃபோர்னியேவின் தாளத்தைக் கேளுங்கள். இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். ஒருவர்தான்.

இன்னொருவர் பியானோ கலைஞர் பில் எவான்ஸ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம், ஏனென்றால் ஜாரெட் டிரியோவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதுவரை பெரும்பாலான டிரியோக்களில் பியானோ முதலாளி, மற்ற இருவரும் உதவியாளர்கள். பேஸ் ஒரு தட்டுக்கு ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருக்கும், டிரம்ஸ் காலம் காட்டிக்கொண்டே இருக்கும். எவான்ஸ், பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் வாசித்த பால் மோஷன் மூவரும் 1959 டிசம்பரில் செய்த 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஒலிப்பதிவில் 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டைக் கேட்டால் அந்த ஏற்பாடு உடைவதைக் காதாலேயே அறியலாம். மெட்டு முடிந்ததும் பியானோ சோலோ, அதாவது தனி வாசிப்பு, வர வேண்டிய இடத்தில் பேஸும் பியானோவும் துண்டு துண்டாக மாற்றி மாற்றிப் பேசிக்கொள்கின்றன. யாரும் காலம் காட்டுவதில்லை, ஆனாலும் காலம் தவறுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாளம் வெளிப்படையாக நடக்கத் தொடங்குகிறது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டாக இருப்பதால்தான் இது சாத்தியம். காலத்தை யாராவது ஒருவர் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூவர் மனதிலும் அது தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் மதியம் இரண்டு, இரவு மூன்று என்று ஐந்து அமர்வுகள் வாசித்தார்கள். எல்லாம் ஒலிப்பதிவானது. பின்னணியில் கோப்பைச் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்கும். கோல் போர்ட்டரின் 'ஆல் ஆஃப் யூ' அன்றைக்கு மட்டும் மூன்று முறை. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. அதே பாட்டு, அதே மூன்று பேர், அதே நாள். லஃபாரோ எங்கே மேல் சுரங்களுக்கு ஏறி எவான்ஸின் மெட்டுக்கு எதிர் மெட்டு கட்டுகிறார் என்பது ஒவ்வொரு முறையும் வேறு, அதைக் கேட்டு எவான்ஸ் எந்த இடத்தில் கையை எடுக்கிறார் என்பதும் வேறு. அதே நாளில் வாசித்த 'மை ஃபூலிஷ் ஹார்ட்' பாட்டில் எவான்ஸ் ஏறக்குறைய மெட்டை மட்டும்தான் வாசிக்கிறார். ஐந்து நிமிடத்தில் கற்பனை என்று தனியாகப் பிரித்துச் சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் கார்டுகளின் அடுக்கும் மோஷனின் சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசையும் அந்தச் சினிமாப் பாட்டை வேறு எங்கோ கொண்டுபோய்விடுகின்றன. பழைய பாட்டுக்கு மரியாதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஒலிப்பதிவுதான்.

பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, ஒரு கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25.

இப்போது ஜாரெட்டுக்கு வருவோம். எவான்ஸின் டிரியோவில் லஃபாரோவுக்குப் பின்னால் கொஞ்ச காலம் பேஸ் வாசித்தவர் கேரி பீகாக். 1963 டிசம்பரில் எவான்ஸ், மோஷனோடு ஒரு ஆல்பமும் செய்தார். 1968இல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் எவான்ஸுக்கு டிரம்ஸ் வாசித்தவர் டிஜானெட். ஜாரெட்டின் எழுபதுகளின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அதே பால் மோஷன். ஆக எவான்ஸ் தொடங்கிவைத்த உரையாடல் முறையை இவர்கள் ரிக்கார்டு கேட்டுக் கற்கவில்லை, உள்ளேயிருந்து பார்த்தவர்கள். இன்னொரு பக்கம், பீகாக் 1964இல் சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லரோடு கட்டற்ற ஜாஸின் உச்சத்தில் நின்றவர். ஜாரெட்டும் டிஜானெட்டும் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிடின் குழுவிலும், 1970இல் மைல்ஸ் டேவிஸின் மின்வாத்தியக் குழுவிலும் சேர்ந்து வாசித்தவர்கள். எந்தப் பாட்டும் இல்லாமல் வாசிப்பது எப்படி என்று மூவருக்கும் தெரியும். வேறு வழி இல்லாமல் பழைய பாட்டுக்கு வந்தவர்கள் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1983 ஜனவரியில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில், ஈசிஎம் நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐகர் தயாரிப்பில், ஒன்றரை நாளில் மூன்று ஆல்பங்களுக்கான இசையைப் பதிவு செய்தார்கள். இரண்டு 'ஸ்டாண்டர்ட்ஸ்' ஆல்பங்கள், கூடவே 'சேஞ்சஸ்'. அப்போது ஜாரெட்டை உலகம் அறிந்திருந்தது வேறு காரணத்துக்காக. ஒரு குறிப்பும் இல்லாமல் வெறும் கையோடு பியானோ முன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பவர், 1975இல் ஜெர்மனியின் கோல்ன் நகரில் நடந்த கச்சேரியின் நாயகன். அப்படிப்பட்டவர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளைக் கையில் எடுத்தது பலருக்குப் பின்வாங்கலாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. தனியாக வாசிக்கும்போது பாட்டே இல்லை, அதனால் முன்முடிவு இல்லை. டிரியோவில் பாட்டு இருக்கிறது, ஆனால் அது மூவருக்கும் சொந்த ஊர்த் தெரு மாதிரி, இருட்டில் நடந்தாலும் கால் தானாகப் போகும். அதனால் அங்கேயும் முன்முடிவு தேவையில்லை.

மேடையில் நடந்தது இதுதான். ஒத்திகை கிடையாது, பாட்டு வரிசை கிடையாது. பல நேரம் ஜாரெட் தனியாக ஒரு முன்னுரை வாசிக்கத் தொடங்குவார். அது எந்தப் பாட்டுக்குப் போகும் என்பது மற்ற இருவருக்கும் காது வழியாகத்தான் தெரியவரும். 1986இல் மியூனிக்கில் பதிவான 'ஸ்டில் லைவ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'மை ஃபன்னி வாலன்டைன்'. அதற்கு முன் ஜாரெட் நீளமாகத் தனியே வாசிக்கிறார். பாட்டின் பெயர் தெரியாமல் கேட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்வது கடினம். பிறகு பேஸும் டிரம்ஸும் வந்து சேரும் இடத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருந்த மாதிரி இருக்காது.

பாட்டின் முடிவும் அப்படித்தான். கடைசி மெட்டு முடிந்த பிறகு ஒன்றிரண்டு கார்டுகளிலேயே நின்று சுழல ஆரம்பிப்பார்கள். அது இரண்டு நிமிடத்தில் அடங்கலாம், பதினைந்து நிமிடம் போகலாம். 'ஐ ஃபால் இன் லவ் டூ ஈஸிலி' இதற்கு அருமையான உதாரணம். 1945இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காக ஜூல் ஸ்டைன் இசையமைத்து ஃபிராங்க் சினாட்ரா பாடியது. மொத்தம் 16 பார்தான். 1983 ஸ்டுடியோ பதிவில் இதை ஐந்து நிமிடம் போல, அடக்கமாக வாசித்து முடித்துவிடுகிறார்கள். பதினோரு வருடம் கழித்து, 1994 ஜூனில், நியூயார்க்கின் ப்ளூ நோட் கிளப்பில் மூன்று இரவுகள் வாசித்தபோது அதே பாட்டு 25 நிமிடத்தைத் தாண்டிப் போகிறது. பாட்டு முடியும் இடத்தில் ஒரு புது இசை முளைக்கிறது. அதற்கு 'த ஃபயர் விதின்' என்று பெயர் வைத்து, பாட்டோடு சேர்த்தே வெளியிட்டார்கள். 16 பார் கொண்ட சின்னப் பாட்டு அடங்காத நெருப்பாக மாறுகிற அந்த இடத்தில் பழைய பாட்டு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க என்னால் முடிந்ததில்லை. கவர் பேண்டுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கேட்டீர்களே, நான் சுட்டிக்காட்டுவது இந்த 25 நிமிடத்தைத்தான்.

இதில் மெட்டின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டிய கணத்திலிருந்து அது தேயத் தொடங்குகிறது. பாடகர் ஒரு சுரத்தைப் பிடித்து வளர்க்கலாம், பியானோவில் அது நடக்காது. ஜாரெட் மெதுவான பாட்டுகளில் செய்வது என்னவென்றால், முதல் சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்த சுரத்தின் அழுத்தத்தைப் பொருத்துவது. இரண்டும் ஒரே மூச்சில் பாடியதுபோல ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் இவர் கையில் மெட்டு பேசுகிறது. வாசிக்கும்போது அவர் கூடவே முனகுவதும் எழுந்து நிற்பதும் சிலருக்குப் பிடிக்காது. அந்த முனகல் எனக்குக் காதில் உறுத்துவதில்லை, விரல் பாடுவதற்கு முன்னால் தொண்டை பாடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

டிஜானெட் பியானோவும் நன்றாக வாசிப்பவர், அது அவருடைய டிரம்ஸில் தெரியும். சுற்றின் முதல் தட்டில் ஓங்கி அடித்து 'இதோ இங்கே இருக்கிறோம்' என்று காட்ட மாட்டார். துடிப்பை சிம்பல்களில் பரப்பிவிடுவார். கார்டு மாறும் இடத்தில் அவர் ஓசையும் நிறம் மாறும். பீகாக் எதிர்பார்த்த சுரத்தை எதிர்பார்த்த இடத்தில் தருவது குறைவு. கொஞ்சம் முன்னால் தருவார், அல்லது தராமலே விட்டு அந்தப் பள்ளத்தில் மற்றவர்களை இறங்கவைப்பார். முதல் 'ஸ்டாண்டர்ட்ஸ்' ஆல்பத்தின் கடைசியில் வரும் 'காட் பிளெஸ் த சைல்ட்' பில்லி ஹாலிடேவின் பாட்டு. மூவரும் அதைத் தேவாலயப் பாட்டின் துடிப்பில், ஸ்விங் என்ற ஊசலாடும் ஜாஸ் நடை இல்லாத நேர்த் தாளத்தில், கால் மணி நேரம் வாசிக்கிறார்கள். மெட்டை மாற்றவில்லை, கார்டுகளைப் பெரிதாகத் திருத்தவில்லை. தாளத்தின் நடை மட்டும் மாறியதும் பாட்டின் துக்கம் மன உறுதியாக மாறிவிடுகிறது.

1991 செப்டம்பர் 28 அன்று மைல்ஸ் டேவிஸ் இறந்தார். இரண்டு வாரத்தில், அக்டோபர் 12 அன்று, மூவரும் அதே பவர் ஸ்டேஷனுக்குப் போய் 'பை பை பிளாக்பேர்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். மூவருமே வெவ்வேறு காலத்தில் மைல்ஸோடு வாசித்தவர்கள். மைல்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற பாட்டை அவர் பாணியில் திருப்பி வாசித்துக் காட்டுவது எளிது. அவர்கள் அதைச் செய்யவில்லை, தங்கள் பாணியிலேயே வாசித்தார்கள்.

1996இல் ஜாரெட்டுக்குக் கடுமையான களைப்பு நோய் வந்து மேடையை விட்டு விலகினார். 1998 நவம்பரில் நியூஜெர்சியின் நெவார்க்கில் திரும்பி வந்து வாசித்தபோது, உடம்பில் வலு குறைவாக இருந்ததால் பீபாப் என்ற வேகமான ஜாஸ் வகைப் பாட்டுகளை நிறையச் சேர்த்துக்கொண்டார். வேகமான விரல் வேண்டும், ஆனால் பியானோவை அத்தனை அழுத்தி வாசிக்க வேண்டியதில்லை. அந்தக் கச்சேரி 20 வருடம் கழித்து, 2018இல் 'ஆஃப்டர் த ஃபால்' என்று வெளிவந்தது. 2000, 2001இல் லண்டனிலும் டோக்கியோவிலும் ஏறக்குறைய பாட்டே இல்லாமல் கட்டற்ற இசை வாசித்துவிட்டு மறுபடி ஸ்டாண்டர்டுகளுக்கு வந்தார்கள். கடைசிக் காலப் பதிவுகளில் சில எனக்குக் கொஞ்சம் சௌகரியமாகத் தோன்றுகின்றன, ஆபத்து குறைந்துவிட்டது. எண்பதுகளின் பதிவுகளில் அடுத்த நொடி என்ன ஆகும் என்ற பதற்றம் இருக்கும். இந்த முறை ஒவ்வொரு இரவும் பலிக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திட்டம் இல்லாத இடத்தில் சறுக்கலுக்கும் இடம் உண்டு.

கடைசிக் கச்சேரி 2014 நவம்பர் 30, அதே நெவார்க்கில். 2018இல் ஜாரெட்டுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்து இடது கை வாசிக்க முடியாமல் போனது. பீகாக் 2020இலும் டிஜானெட் 2025 அக்டோபரிலும் காலமானார்கள்.

இவர்களுக்குப் பின் வந்தவர்களில் பியானோ கலைஞர் பிராட் மெல்டாவ் இதை வேறு வழியில் எடுத்துப்போனார். 1999இல் வில்லேஜ் வேன்கார்டில் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' பாட்டை ஏழு தட்டுக் கணக்கில் வாசித்தார். பீட்டில்ஸ், ரேடியோஹெட் பாட்டுகளையும் ஸ்டாண்டர்டுகளாக்கிக்கொண்டார். அதுவும் நியாயம்தான், எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறத்தானே செய்யும்.

நீங்கள் கேட்கத் தொடங்குவதாக இருந்தால், ஒரே பாட்டைப் பல பேர் வாசித்ததை அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் யாராவது பாடிய 'ஆட்டம் லீவ்ஸ்', மெட்டு மனதில் பதியும் வரை. அப்புறம் எவான்ஸ் 1959, அதன்பின் ஜாரெட் டிரியோ 1986 மியூனிக், கடைசியாக 1994 ப்ளூ நோட்டின் 26 நிமிடப் பதிவு. கேட்கும்போது உள்ளுக்குள் மூல மெட்டைப் பாடிக்கொண்டே இருங்கள். சோலோவின் நடுவிலும் நிறுத்த வேண்டாம். எங்கே அவர்கள் உங்களோடு சேர்ந்து வருகிறார்கள், எங்கே விலகுகிறார்கள் என்பது சில முறைகளில் பிடிபட்டுவிடும். அது பிடிபட்டபின் 'அட் த டீர் ஹெட் இன்' ஆல்பத்துக்குப் போங்கள். 1992இல் ஜாரெட் தன் சொந்த மாநிலமான பென்சில்வேனியாவில், இளம் வயதில் வாசித்த ஒரு சின்ன விடுதிக்குத் திரும்பிப் போய் வாசித்தது. அன்று டிரம்ஸில் டிஜானெட்டுக்குப் பதிலாகப் பால் மோஷன். பாட்டுகள் அதே வகைதான், டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். ஜாரெட்டும் பீகாக்கும் எவ்வளவு வேறு மாதிரி வாசிக்கிறார்கள் என்று அதில் கவனியுங்கள்.